பொத்தானை எங்கே வைப்பது?

2006 வாக்கில் என் அண்ணன் மகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு விண்ணப்பம் நிரப்ப பிரவுஸிங் சென்டர் ஒன்றுக்குப் போயிருந்தேன். கடைசி நாள். மணிக்கு இருபது ரூபாய். மின்விசிறியில் சத்தம் வந்தது, காற்று வரவில்லை. பெயர், தகப்பனார் பெயர், சாதி, பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க், பின்கோடு என்று அனுமார் வால் மாதிரி நீண்ட பக்கம். முக்கால் மணி நேரம் டைப் அடித்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு ஸ்பெல்லிங் திருத்தினேன். எல்லாம் முடிந்து கீழே வந்தால் இரண்டு பொத்தான்கள். ஒரே சாம்பல் நிறம், ஒரே அகலம், நடுவில் நூலிழை இடைவெளி. ஒன்று ஸப்மிட், மற்றது ரீசெட்.

அவள் அழுத்தியது மற்றது.

முக்கால் மணி நேர உழைப்பு கண் இமைப்பதற்குள் காலி. 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாப் பெட்டிகளும் புதுசாகக் கழுவி வைத்த பாத்திரங்கள் மாதிரி பளிச்சென்று இருந்தன. அவள் கண்ணில் தண்ணீர்.

சென்டர்காரர் அசரவே இல்லை. பேசாமல் சுவரைக் காட்டினார். காலண்டர் அட்டையின் பின்புறத்தில் ஸ்கெட்ச் பேனாவால் 'ரீசெட் அமுக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார். "தினம் நாலு பேர் சார். அதான் எழுதி வெச்சேன். யாரும் படிக்கிறதில்ல" என்றார்.

அந்தப் பக்கத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமான விமரிசனம் எழுத முடியாது. இந்தக் கட்டுரை அந்த அட்டைக்கு ஒரு விரிவுரை, அவ்வளவுதான்.

முதலில் ரீசெட். 1995இல் வெளியான ஹெச்டிஎம்எல் 2.0 விதிமுறையிலேயே ஸப்மிட்டும் ரீசெட்டும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்துவிட்டன. விதிமுறையில் இருக்கிறது என்பதற்காகவே உலகம் முழுக்க எல்லாப் படிவத்திலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். போஸ்ட் ஆபீஸில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அதே சிவப்பில், அதே வாயோடு, உள்ளே போடுவதையெல்லாம் எரித்துவிடும் இன்னொரு பெட்டியை வைப்பார்களா? டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போய் இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த யாக்கோப் நீல்ஸன் 2000 ஏப்ரலிலேயே எழுதிவிட்டார்: ரீசெட்டைத் தூக்கி எறிந்தாலே பெரும்பாலான படிவங்கள் உருப்படும் என்று. அவர் எழுதி ஆறு வருஷம் கழித்துத்தான் என் அண்ணன் மகள் அழுதாள். இன்றைக்கும் சில அலுவலகப் பக்கங்களில் அந்தப் பொத்தான் சௌக்கியமாக இருக்கிறது.

தமிழில் அதற்கு 'மீட்டமை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போனதை மீட்டுத்தரும் என்று நம்பி அழுத்துகிறவர் என்ன ஆவார்?

சரி, ரீசெட்டை எடுத்துவிட்டோம். மிச்சமிருக்கும் பொத்தானையாவது சரியான இடத்தில் வைக்கலாம் அல்லவா? இங்கேதான் சிஎஸ்எஸ் வருகிறது. கம்ப்யூட்டர்காரர்கள் இரண்டு பாரா தாண்டிப் போகலாம்.

ஓர் இணையப் பக்கத்துக்கு இரண்டு எழுத்துப் பிரதிகள் உண்டு. ஹெச்டிஎம்எல் என்பது சரக்கு: இது தலைப்பு, இது பெட்டி, இது பொத்தான் என்று வரிசையாகச் சொல்லும். சிஎஸ்எஸ் அலங்காரம்: பொத்தான் பச்சை, வலது ஓரம், சுற்றிலும் கொஞ்சம் இடம். 1994 அக்டோபரில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த நார்வேக்காரர் ஹாகன் வியும் லீ இந்த யோசனையை முன்வைத்தார். ஹாலந்துக்காரர் பெர்ட் பாஸ் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு அதிகாரபூர்வமாக வந்தது. சரக்கையும் அலங்காரத்தையும் பிரிப்பது நல்ல யோசனை, சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் ஒரு பொத்தானைப் பத்துப் புள்ளி வலப்பக்கம் தள்ள என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம் ஒன்றைச் செய்து, அதை இழுத்து நீட்டி, பொத்தானுக்கு இடப்பக்கம் முட்டுக்கொடுத்தார்கள். இல்லாததை வைத்து இருப்பதை நகர்த்தும் வித்தை.

ஆனால் சிஎஸ்எஸ்ஸிடம் ரொம்ப காலம் பக்கம் கட்டுவதற்கென்று ஒழுங்கான கருவி கிடையாது. இருந்தவற்றில் பிரபலமானது ஃப்ளோட். அது பத்திரிகையில் கதைக்கு நடுவே படம் போட்டு, சுற்றி எழுத்தை ஓடவிடுவோமே, அதற்காக வந்த சமாசாரம். வேறு வழியில்லாமல் அதை வைத்தே முழுப் பக்கத்தையும், பொத்தான்களையும் கட்டினார்கள். ஸ்க்ரூடிரைவரால் தேங்காய் உடைப்பது போல. உடைந்தது, ஆனால் தண்ணீர் எங்கெங்கோ சிந்தியது. ஃப்ளெக்ஸ்பாக்ஸ் முதல் வரைவு 2009இல்தான் வந்தது. கிரிட் என்ற இன்னொரு நல்ல முறை, முக்கிய பிரவுஸர்களில் 2017 மார்ச்சில் வந்து சேர்ந்தது. ஒரு பொத்தானைப் பெட்டிக்குள் சரியாக நடுவில் நிறுத்துவது அதுவரை கல்யாணத்தில் எல்லாச் சம்பந்திகளையும் திருப்திப்படுத்துவது மாதிரி. அதைப் பற்றிய ஜோக்குகளை மட்டும் தொகுத்தால் ஒரு தீபாவளி மலர் தேறும்.

ஃப்ளோட்டில் ஒரு வேடிக்கை. இரண்டு பொத்தான்களை 'வலப்பக்கம் ஒதுங்கு' என்று சொன்னால், பிரதியில் முதலில் வருவது வலது மூலையைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் முதலில் ஏறியவருக்கு ஜன்னல் சீட். அடுத்தது அதற்கு இடப்பக்கம். ஆக, பிரதியில் 'அனுப்பு, ரத்து' என்று எழுதினால் திரையில் 'ரத்து, அனுப்பு' என்று தெரியும். எழுதியது ஒன்று, தெரிவது அதற்குத் தலைகீழ்.

தெரிவதுதானே முக்கியம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. என் நண்பர் ஒருவர்.

அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு வங்கியில் வேலை. என்விடிஏ என்ற மென்பொருள் திரையில் இருப்பதை அவருக்குப் படித்துச் சொல்லும். 2006இல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் தொடங்கியது அது. ஜேம்ஸ் டே என்ற இன்னொருவர் கூடச் சேர்ந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. காசு கேட்காமல் உலகத்துக்கே கொடுத்தார்கள். நண்பர் அதைக் கேட்கும் வேகத்தில் நமக்கு ஒரு அட்சரம் புரியாது, வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கும்.

"உங்களுக்குப் பக்கம்ங்கறது ஒரு சுவர் சார். ஒரே பார்வைல எல்லாம் தெரியும். எனக்கு அது ரேஷன் கடை க்யூ. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்தான் வருவாங்க" என்றார்.

அந்த க்யூ எது? ஹெச்டிஎம்எல் பிரதியின் வரிசை. சிஎஸ்எஸ் பொத்தானை எங்கே தூக்கி வைத்தாலும் அவருக்கு அது க்யூவில் நின்ற இடத்தில்தான் நிற்கும். ஒரு படிவத்தில் நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று டிக் அடிக்கும் கட்டம், பார்ப்பவர்களுக்குப் பொத்தானுக்கு மேலே அழகாக இருந்திருக்கிறது. பிரதியிலோ பொத்தானுக்குப் பிறகு. இவர் க்யூவில் பொத்தான் வந்ததும் அழுத்தியிருக்கிறார். பக்கம் ஏற்கவில்லை. மறுபடி, மறுபடி, நாலு முறை. போன் செய்து கேட்டதற்கு, "விட்டுப்போனதை சிவப்புல காட்டியிருக்கோமே சார்" என்றார்களாம்.

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது அவருக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. கை நடுக்கத்தால் மௌஸ் பிடிக்க முடியாதவர்கள் டாப் விசையைத் தட்டித் தட்டித்தான் பெட்டி பெட்டியாக நகர்கிறார்கள். நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்பவர்களும் அப்படித்தான், வேகத்துக்காக. டாப் விசையும் பிரதியின் வரிசையில்தான் போகும். திரையில் இடமிருந்து வலம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சக் கட்டம் வலதில் தோன்றி இடதுக்குத் தாவினால், அவசரத்தில் தட்டும் கை தப்பான பொத்தானில் விழும்.

இதைவிட மோசம் என்டர் விசை. ஹெச்டிஎம்எல் விதிப்படி, பெட்டிக்குள் டைப் அடித்துவிட்டு என்டர் தட்டினால், பிரதியில் முதலில் இருக்கும் ஸப்மிட் வகைப் பொத்தான் இயங்கும். திரையில் எது பெரிதாக, பச்சையாக இருக்கிறது என்பதைப் பற்றி என்டருக்குக் கவலையில்லை. பல பக்கப் படிவங்களில் இடப்பக்கம் 'முந்தைய', வலப்பக்கம் 'அடுத்த' இருக்கும். இந்த வரிசையிலேயே எழுதி, இரண்டையும் ஸப்மிட் வகையாக வைத்துவிட்டால், என்டர் தட்டும் ஒவ்வொருவரும் பின்னோக்கிப் போவார்கள். அதனால் கெட்டிக்காரர்கள் 'அடுத்த' பொத்தானைப் பிரதியில் முதலில் எழுதி, ஃப்ளோட் போட்டு வலப்பக்கம் தள்ளினார்கள். என்டர் ஒழுங்காகிவிட்டது, டாப் தலைகீழாகிவிட்டது. ஒரு பக்கம் போர்வையை இழுத்தால் மறு பக்கம் கால் தெரிகிற கதை.

நியாயமாகச் சொன்னால் இதை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு பொத்தான் கண்ணுக்கும் கைக்கும் காதுக்கும் என்டருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விடை என்னவோ ரொம்ப சாதாரணமானது. 'முந்தைய' பொத்தானுக்கு ஸப்மிட் வகை வேண்டாம், வெறும் 'பட்டன்' வகை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். என்டர் அதைக் கண்டுகொள்ளாது, வரிசையும் கலையாது. அந்த ஒரு வார்த்தையை எழுதாவிட்டால் பொத்தான் தானாகவே ஸப்மிட் வகை ஆகிவிடும் என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரியாமல் அலங்காரத்தைக் கொண்டு சரக்கின் கோளாறை மூடப் பார்க்கிறார்கள்.

என் குற்றச்சாட்டு இதுதான். சிஎஸ்எஸ் தெரிந்தவர்கள், பிரதியில் பொத்தான் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஃப்ளோட்டாவது தெரியாமல் தலைகீழாக்கியது. புதிதாக வந்த ஃப்ளெக்ஸ்பாக்ஸில் 'ஆர்டர்' என்று ஒரு வசதியே இருக்கிறது: எதையும் எந்த வரிசையிலும் காட்டலாம். அதை வகுத்தவர்களே, இது கண்ணுக்கு மட்டும்தான், பிரதியை ஒழுங்காக எழுதுவதற்கு மாற்றாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதிமுறையிலேயே எச்சரித்திருக்கிறார்கள். சிகரெட் பாக்கெட்டில் போட்ட எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அதே மரியாதைதான் அதற்கும்.

இடமா வலமா என்று ஒரு பரம்பரைச் சண்டையும் இருக்கிறது. விண்டோஸில் 'ஓகே' முதலில், பிறகு 'கேன்சல்'. ஆப்பிளில் நேர் எதிர், 'ஓகே' வலக்கோடியில். வடகலை தென்கலை மாதிரி இரு தரப்புக்கும் சாஸ்திர ஆதாரம் உண்டு. இணையப் படிவத்துக்கு இரண்டுமே பொருந்தாது என்பது என் கட்சி. லூக் ரோப்லெவ்ஸ்கி 2008இல் படிவங்களைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பெட்டிகளின் இடது விளிம்புக்கு நேர் கீழே முக்கியப் பொத்தானை வை என்பது அவர் வாக்கு. கண் மேலிருந்து கீழே நேராக இறங்கி வருகிறது, இறங்குகிற இடத்தில் கதவு இருக்க வேண்டும். கண் மங்கியவர்கள் திரையைப் பல மடங்கு பெரிதாக்கி, ஸ்ட்ரா குழாய் வழியாகப் பார்ப்பது போல ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள். வலது கோடியில் தனியாக ஒதுக்கிய பொத்தான் அவர்கள் உலகத்திலேயே கிடையாது. எல்லாம் நிரப்பிவிட்டு அடுத்து என்ன என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பொத்தான் கொஞ்சம் தள்ளி இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்கு, கம்ப்யூட்டரே இல்லாத ஓர் உதாரணம். 2000 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். ஃப்ளோரிடா மாநிலத்தில் பாம் பீச் என்ற மாவட்டம், வயதானவர்கள் அதிகம். அவர்கள் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு, வேட்பாளர் பெயர்களை இடம் வலம் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து, ஓட்டைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். இடப்பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் கோர். ஆனால் இரண்டாவது ஓட்டை வலப்பக்கத்து புக்கானனுக்கு. கோரின் ஓட்டை மூன்றாவது. அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டு விழுந்தது. அதில் நிறைய தனக்கு விழுந்தவையாக இருக்க முடியாது என்று அவரே டி.வி.யில் ஒப்புக்கொண்டார். குழம்பிப்போய் இரண்டு ஓட்டை போட்டுச் செல்லாமல் போனவை சுமார் 19,000. ஃப்ளோரிடாவை புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். மாநிலத்தோடு ஜனாதிபதி பதவியும். ஓட்டைக்கும் பெயருக்கும் நடுவில் அரை அங்குலப் பிசகு. பிறகு நடந்த சரித்திரம் உங்களுக்குத் தெரியும்.

நம் ஊர்ப் பிரச்னை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஸப்மிட் சின்ன வார்த்தை. எண்பது புள்ளி அகலம் என்று பொத்தானுக்குக் கறாராக அளவு கொடுத்துவிடுகிறார்கள். பிறகு தமிழ்ப்படுத்தும்போது அதே பெட்டிக்குள் 'சமர்ப்பிக்கவும்' ஏற வேண்டும். ஏறாது. 'சமர்ப்பிக்' என்று கழுத்தறுபட்டு நிற்கும். உயரமும் கறாராக இருந்தால் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நறுக்கப்படும். அகலத்தைச் சொல்லாமல், எழுத்தைச் சுற்றி இவ்வளவு இடம் விடு என்று மட்டும் சொன்னால் பொத்தான் தானே வளர்ந்துகொள்ளும். தையற்காரர் தையல் விளிம்பில் துணி விட்டுத் தைப்பது போல. தவிர, சமர்ப்பிப்பது என்பது கடவுளுக்கும் நூலின் முதல் பக்கத்துக்கும் உரியது. மின் கட்டணத்துக்கு எதற்கு? 'அனுப்பு' போதாதா? மூன்று எழுத்துக்குக் கூடுதல் ஓர் ஒற்று. இடமும் மிச்சம், பணிவும் மிச்சம்.

இதுவரை சொன்னதெல்லாம் அஜாக்கிரதை. வேண்டுமென்றே செய்கிறவர்கள் தனி ஜாதி. 'சம்மதம்' பெரிதாக, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் நடுவில். 'வேண்டாம்' வெளிறிப்போய் மூலையில், அல்லது மூன்று பக்கம் தாண்டி. எந்தப் பொத்தானை எங்கே வைத்தால் ஜனங்கள் தவறுவார்கள் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டவர்களின் கைவேலை. ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேயர் 2010இல் இதற்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். குக்கிகளை ஏற்க ஒரு தட்டு, மறுக்கப் பல தட்டு என்று வைத்ததற்காக பிரான்ஸின் தனியுரிமை ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. ஒரு பொத்தான் இல்லாமல் போனதற்கு இத்தனை விலை கொடுத்தவர்கள் சரித்திரத்தில் இருந்திருக்க மாட்டார்கள். இந்தியாவிலும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. பட்டியலைப் படித்தபோது, சில தளங்களில் ஆர்டர் போட்ட அனுபவம் பாட்டுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஆனால் என் நண்பரை நாலு தடவை திருப்பி அனுப்பிய படிவத்தை எந்தச் சட்டத்தின் கீழ் சேர்ப்பது? அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. செல்போன் திரையின் அடியில் பொத்தானை ஆணி அடித்து நிறுத்தி, கீபோர்டு மேலே வந்ததும் கடைசிப் பெட்டியை அது மறைத்துக்கொள்ள விடுகிறவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. 2023 அக்டோபரில் வந்த உலகளாவிய அணுகல் வழிகாட்டியில், இப்படி மறைக்கக் கூடாது, பொத்தான் குறைந்தது 24 புள்ளிக்கு 24 புள்ளியாவது இருக்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். சோதித்துப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு படிவத்தை ஒரு தடவை நிரப்பிப் பார்த்தால் போதும்.

அண்ணன் மகள் அந்த நுழைவுத் தேர்வு எழுதினாள். மறுபடி முக்கால் மணி நேரம் டைப் அடித்து, சென்டர் மூடும் நேரத்துக்கு அனுப்பினோம். இப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில், இதே மாதிரி படிவங்கள் செய்யும் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பில் தன் வேலையைக் காட்டினாள். அருமையாக இருந்தது. வட்ட முனைப் பொத்தான்கள், மென்மையான பச்சை, ரீசெட் இல்லவே இல்லை. நான் மௌஸைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு டாப் விசையைத் தட்டினேன். பெயர், முகவரி, போன் நம்பர், அடுத்த தட்டில் வெளிச்சம் ரத்துப் பொத்தானில் போய் உட்கார்ந்தது. அனுப்பும் பொத்தான் அதற்கும் பிறகு. திரையில் மட்டும் அதுதான் முதலில்.

"அது டிசைனர் கடைசி நாள்ல மாத்தச் சொன்னது சித்தப்பா. சிஎஸ்எஸ்ல ஒரு வரி போட்டு மாத்திட்டேன்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த சென்டர்காரர் அட்டை எழுதி வெச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு பிரதியைத் திறந்தாள்.